திருவொற்றியூர் மொட்டைமாடியில் பாய்க்கோரை வளர்ப்பது எப்படி: தண்ணீர்ச் சோதனையிலிருந்து முதல் அறுப்பு வரை

பாய் முடையும் கோரையை வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டு, ஒன்றரை வருடம் அலைந்து, இரண்டு முறை செடியைச் சாகவிட்டு, மூன்றாம் முறைதான் எனக்குச் சரியாக வந்தது. எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலிலிருந்து நடந்துபோகும் தூரம். வடசென்னையில் என்னைப் போல யாராவது இதைத் தொடங்கினால் அவர்களுக்கு இந்த ஒன்றரை வருடம் வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாம் பேசுவது பாய்க்கோரை. தாவரவியலில் சைபெரஸ் பங்கோரை. நம் நாட்டுச் செடி. ஆற்றோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரச் சேற்றில் தானாகவே வளரும். பத்தமடையில் முடைவதும், கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் வயலாகவே பயிரிடுவதும் இந்தக் கோரை வகையைத்தான். இதற்கு வேண்டியது மூன்றே மூன்று: நல்ல வெயில், காயாத சேறு, உப்பில்லாத தண்ணீர். முதல் இரண்டும் எந்த மொட்டைமாடியிலும் கிடைக்கும். நம் பகுதியில் ஆளைக் கவிழ்ப்பது மூன்றாவதுதான். அதனால் செடியிலிருந்து தொடங்காதீர்கள், தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

1. முதலில் தண்ணீரை அளந்துவிடுங்கள்

டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி அது; இனி நான் சொல்லும் எண்களெல்லாம் அந்தக் கணக்குதான். பேனா அளவில் இருக்கும். நான் 350 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் என்னென்ன தண்ணீர் வருகிறதோ அத்தனையையும் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். போர் தண்ணீர், மெட்ரோ குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர், மழைத் தண்ணீர், எல்லாம்.

எங்கள் போர் தண்ணீர் 3,800 காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் விரும்பத்தக்க அளவு 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. எங்கள் மெட்ரோ தண்ணீர் 400-க்கும் 700-க்கும் நடுவில் ஏறி இறங்கும். மாடியிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர் 40. மீஞ்சூர் முதல் நம் கடலோரம் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த எண்ணைக் கண்ணால் பார்த்தபோதுதான் முதல் இரண்டு முறை செடி செத்ததில் உப்புக்கும் பங்கு உண்டு என்று எனக்குப் புரிந்தது.

என் அனுபவத்தில் 1,000-க்குக் கீழே இருந்தால் கோரை செழிப்பாக வருகிறது. 2,000-ஐ நெருங்கினால் நுனி கருக ஆரம்பிக்கும். 3,000-க்கு மேல் போனால் முளைத்த குருத்து விரல் நீளத்திலேயே நின்றுவிடும்.

இங்கே பலரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியே போகும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுவோம். நானும் ஊற்றினேன். அது வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். உள்ளே போனதைவிடக் கனமான உப்போடு வெளியே வருகிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், கோரைக்கு வேண்டாம். வாஷிங் மெஷின் தண்ணீரும் அப்படித்தான், சோப்பில் சோடியம் இருக்கிறது.

2. சரியான கோரைதானா என்று பாருங்கள்

"கோரை" என்று கேட்டால் நான்கு விதமான செடியைக் கையில் கொடுப்பார்கள்.

நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று விற்பது முத்தக்காசு. நலங்கு மாவில் போடுவார்களே, வாசனையாக இருக்குமே, அது. தோட்டத்தில் பிடுங்கப் பிடுங்க முளைக்கும் களைக்கோரையின் கிழங்கு. முழங்கால் உயரத்தைத் தாண்டாது. காய்ந்த கிழங்கை வாங்கி ஊறப்போட்டு யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நர்சரியில் கோரை என்று கொடுப்பது பெரும்பாலும் குடைக்கோரை. தண்டின் உச்சியில் நீள நீளமான இலைகள் குடைக்கம்பி போல விரிந்து நிற்கும். அழகுச் செடி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நன்றாக வளரும், ஆனால் நாம் தேடும் செடி அது இல்லை. நான் ஒரு தொட்டி 250 ரூபாய்க்கு வாங்கிவிட்டு, நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏரியோரம் ஆளுயரத்துக்கு மேல் நின்று, பழுப்பு நிறத்தில் ஊதுபத்திக் கட்டு மாதிரிப் பூ விடுவது சம்பு. அதையும் கோரை என்றுதான் நம் பக்கத்தில் சொல்வார்கள். அதன் இலை தட்டையாக, வாள் போல இருக்கும். தொட்டிக்குள் வைத்தால் ஒரே வருடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு வேரால் தொட்டியையே பிதுக்கும்.

பாய்க்கோரையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு தண்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். உருளாது, தடுக்கித் தடுக்கித் திரும்பும். மூன்று விளிம்பு விரலில் படும். நகத்தால் குறுக்கே கீறினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல மென்மையான சோறு. அடியிலிருந்து உச்சி வரை கணுவே இருக்காது. இலை என்று பார்த்தால் அடியில் சின்ன உறை மட்டும். உச்சியில் சிறிய பூங்கொத்து, அதைச் சுற்றி இரண்டு மூன்று குட்டை இலை. இவ்வளவும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

3. கிழங்கை எங்கே வாங்குவது

ரெட்டேரியிலோ கொரட்டூர் ஏரியிலோ இறங்கித் தோண்டி எடுத்து வரலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பவை, எதை எடுப்பதானாலும் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே கரையோரம் நிற்பது பெரும்பாலும் சம்புதான். அந்தப் புதருக்குள் தாழைக்கோழி கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. சாக்கடை கலந்த சேற்றோடு ஆகாயத்தாமரைத் துணுக்கும் உங்கள் தொட்டிக்கு வந்துவிடும்.

பயிரிடுபவர்களிடம் கேட்பதுதான் சுலபமான வழி. வந்தவாசியில் கோரைப் பாய் நெய்பவர்கள் நிறையப் பேர். அங்கே ஒருவரிடம் பேசி, அவர் மூலம் கரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் எண் எனக்குக் கிடைத்தது. நான் கிழங்கு வேண்டும் என்றதும் அவர் முதலில் கேட்டது, "தண்ணி எப்படீங்க, உப்புங்களா?" விலை அப்புறம்தான் வந்தது. "உப்புத் தண்ணின்னா இப்பவே சொல்லிருங்க, அனுப்பிச்சு வீணாப் போறதுக்கு நானே வச்சுக்கறேன்" என்றார். முன்பு செடி விற்ற யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

என்ன கேட்க வேண்டும் என்றால்: தரைக்கடியில் ஓடும் வேர்த்தண்டு (கிழங்கு என்று நான் சொல்வது இதைத்தான்), விரல் பருமனில், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று முளை, மேலே ஒரு சாண் தண்டு விட்டு வெட்டியது. இரண்டு தொட்டிக்கு 20 துண்டு போதும். நான் கொஞ்சம் கூடுதலாகவே 40 வாங்கினேன், பாதி அக்காவுக்கு. 300 ரூபாய் கொடுத்தேன், பஸ் பார்சல் 180.

பார்சல் விஷயத்தில் கவனம். தெற்கிலிருந்து வரும் பஸ் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். திருவொற்றியூரிலிருந்து அங்கே போய் எடுத்து வர அரை நாள் ஆகிறது. என் முதல் பார்சல் இரண்டு நாள் கிடங்கில் கிடந்து, சணல் சாக்கு காய்ந்து, பாதிக் கிழங்கு சுருங்கிப் போய்விட்டது. ஈரச் சாக்கில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையில் கட்டி, இரண்டு பக்கமும் சின்ன ஓட்டை போடச் சொல்லுங்கள். பஸ் கிளம்பும் நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு மறுநாள் காலையிலேயே போய்விடுங்கள். ரசீதின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள், ஆதார் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும். எடுக்கும்போது சில இடத்தில் கேட்கிறார்கள்.

4. எழுத்தில் வாங்க வேண்டியவை

இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். சொந்த வீடு என்றால் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும், அடுக்குமாடி என்றால் சங்கத்திடமும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது. நாளைக்குக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்தால் முதல் விரல் உங்கள் தொட்டியைத்தான் காட்டும். கடிதத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எத்தனை தொட்டி, ஒவ்வொன்றின் எடை, எந்த இடத்தில் வைக்கிறீர்கள், வழியும் தண்ணீர் எந்தக் குழாயில் போகும். வைப்பதற்கு முன்னால் அந்தத் தளத்தையும் கீழ்வீட்டுக் கூரையையும் தேதியோடு படம் எடுத்து இணைத்துவிடுங்கள்.

எடையைச் சும்மா எழுத வேண்டாம், கணக்குப் போட்டே எழுதுங்கள். பாதியாக அறுத்த 200 லிட்டர் டிரம்மில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக மண், அடியில் ஜல்லி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து சுமார் 140 கிலோ வரும். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். தொட்டி உட்காரும் இடமோ கால் சதுர மீட்டர். அதனால் தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடத்துக்கு மேலே, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வையுங்கள். பழைய கட்டடம், கம்பி தெரிகிறது, சுண்ணாம்பு உதிர்கிறது என்றால் மாடியே வேண்டாம், தரையில் வையுங்கள்.

தரையில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் தெருவில் தண்ணீர் ஏறுமா என்று யோசியுங்கள். ஏறும் என்றால் தொட்டியின் விளிம்பு அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

5. தொட்டி தயார் செய்தல்

நீல நிற 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று போதும், குறுக்கே அறுத்தால் இரண்டு தொட்டி. பழைய டிரம் எனக்கு 900 ரூபாய், அறுக்க 100. வாங்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். மணலி தொழிற்சாலைகள் பக்கமாக இருப்பதால் ரசாயனம் வந்த டிரம்களும் நம் பழைய சாமான் கடைகளில் கலந்து கிடக்கும். லேபிள் கிழித்திருந்தால், மூக்கில் ஏறும் நெடி அடித்தால், விலை பாதியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சமையல் எண்ணெயோ பழச்சாறோ வந்த டிரம்மாகப் பார்த்து எடுங்கள். மூடி இருக்கும் பாதியைத் தலைகீழாக வைக்கும்போது அந்த மூடிகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றி இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கசியும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு ஓட்டை. ஒன்று அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில். அதில் அரை அங்குல பால் வால்வு பொருத்துங்கள். இன்னொன்று மண் மட்டத்துக்குச் சரியாக, மழைத் தண்ணீர் வழிய. இரண்டு தொட்டிக்கும் வால்வு, நிப்பிள் எல்லாம் சேர்த்து 350 ஆனது.

அந்த அடி வால்வு எதற்கு என்று விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் என் இரண்டாவது முயற்சி அது இல்லாததால்தான் போனது. தொட்டியிலிருந்து தண்ணீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. கோடையில் ஒரு தொட்டி நாளைக்கு 3 லிட்டர் குடிக்கும். 1,000 டி.டி.எஸ். தண்ணீர் என்றால் நாளைக்கு 3 கிராம் உப்பு. நூறு நாளில் 300 கிராம். ஒரு தொட்டிச் சேற்றில் கால் கிலோவுக்கு மேல் உப்பைக் கொட்டிவிட்டு, செடிக்கு என்ன நோய் என்று மருந்து தேடிக்கொண்டிருந்தேன். வயலில் பாயும் தண்ணீர் உப்பை இழுத்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் அதை நாம்தான் திறந்துவிட வேண்டும்.

அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கருங்கல் ஜல்லி, அதன் மேல் ஒரு துண்டுக் கொசுவலை, அதன் மேல் மண். செம்மண் மூன்று பங்கு, எம்-சாண்ட் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு. இரண்டு தொட்டிக்கு 25 கிலோ மூட்டையில் ஏழு, 490 ரூபாய். தேங்காய் நார்த்தூள் வேண்டாம். மிதக்கும், அலசாததில் உப்பும் இருக்கும். கடற்கரை மணலை ஒரு கைப்பிடிகூடப் போட்டுவிடாதீர்கள். பச்சைச் சாணம் போட்டால் நிறைந்த சேற்றில் நாறும்.

தவறாக வாங்கிய குடைக்கோரையை விட்டுவிட்டு, மேலே சொன்னது எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 2,670 ரூபாய். ஆட்டோ தனி.

6. எப்போது நடுவது, எப்படி நடுவது

ஆடி கடைசியிலிருந்து ஆவணி வரை நடுங்கள். சாயங்கால மழை அவ்வப்போது கைகொடுக்கும், வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். நான் முதலில் சித்திரையில் நட்டேன். அக்கினி நட்சத்திரத்தில் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு, இளங்குருத்து வெந்துபோனது.

ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் விழும் இடமாக வேண்டும். மாடிப்படி அறைக்கு வடக்கே வைக்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அந்த நிழலில் தண்டு மெலிந்து விழுந்துவிடும்.

முதல் நாளே மண்ணை நனைத்துச் சேறாக்கி வையுங்கள். கிழங்கைப் படுக்கையாக, இரண்டு விரல் ஆழத்தில், முளை மேலே பார்க்க, ஒரு சாண் இடைவெளியில் புதையுங்கள். ஒரு தொட்டிக்கு எட்டு முதல் பத்து. முதல் மூன்று வாரம் தண்ணீர் மேலே தேங்கக் கூடாது, சேறு மட்டும் காயாமல் இருக்க வேண்டும். தேங்கினால் கிழங்கு அழுகும். எனக்குப் பன்னிரண்டாம் நாள் முதல் முளை தெரிந்தது. பச்சை ஊசி ஒன்று சேற்றைக் குத்திக்கொண்டு நின்றது. காலையில் பார்த்ததைவிட மாலையில் கொஞ்சம் உயரமாக இருந்தது.

7. தண்ணீர் விடுவதும் கொசுவும்

மூன்று வாரத்துக்குப் பிறகும் தண்ணீரை மண்ணுக்கு மேலே நிறுத்தத் தேவையில்லை. மண் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றால் போதும், கோரைக்கு அது தாராளம். மேலே தண்ணீர் தெரியாவிட்டால் கொசு முட்டையிட இடமே இல்லை. மழைக்காலத்தில் மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாகக் கொசுப் புழு பார்க்க வருவார்கள், புழு இருந்தால் அபராதமும் போடலாம். வழிந்தோடும் ஓட்டையையும் சேற்று மட்டத்தையும் அவர்களிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அம்மா குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி நிக்கல, பரவாயில்லம்மா" என்று சொல்லிப் போனார்.

தண்ணீர் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கப்பி மீன் நாலைந்து வாங்கி விடுங்கள். ஆனால் மிஞ்சியதை ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள், அது வெளிநாட்டு மீன்.

மாதம் ஒரு முறை அடி வால்வைத் திறந்து முழுக்க வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி மறுபடி வடியுங்கள். வடியும் தண்ணீரை மீட்டரில் பாருங்கள். 2,000-க்குக் கீழே வரும் வரை அலச வேண்டும். ஐப்பசி மழையில் வால்வை லேசாகத் திறந்து வைத்தால் போதும், மழையே அலசிவிடும். அந்த மாதங்களில் ஒரு டிரம்மாவது மழைத் தண்ணீர் பிடித்து, மூடி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்காற்று நேராக அடிக்கும் வீடுகளில் வாரம் ஒரு முறை தண்டின் மேல் நல்ல தண்ணீர் தெளித்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தண்டுகளை இடுப்பளவில் ஒரு கயிற்றால் தளர்வாகச் சேர்த்துக் கட்டுங்கள். களை வந்தால் அன்றே பிடுங்குங்கள். முளைக்கும் பருவத்தில் களைக்கோரையும் பாய்க்கோரையும் ஒன்று போலவே தெரியும். தாய்க் கிழங்கிலிருந்து விலகி, மெல்லியதாக, இலையோடு வருவது களை.

8. முதல் அறுப்பு

ஆவணியில் நட்டால் தை, மாசியில் அறுக்கலாம். எங்கள் தொட்டியில் மார்பளவு வந்தது. கொளத்தூரில் அக்கா அதே மூட்டைக் கிழங்கை அதே வாரம் நட்டாள். அவள் வீட்டுப் போர் தண்ணீர் 650. அவளுடையது ஆளுயரம் போனது. மண், வெயில், உரம் எல்லாம் ஒன்றுதான், தண்ணீர் மட்டும் வேறு.

நல்ல கத்தியால் மண்ணிலிருந்து மூன்று விரல் மேலே அறுங்கள். வெட்டுவாயில் தண்ணீர் நிற்காதபடி அன்று மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பச்சையாக இருக்கும்போதே தண்டை நீளவாக்கில் இரண்டாகக் கீறி, வெயிலில் மூன்று நாள் உலர்த்தினால் பொன்னிறமாகிவிடும். இரண்டு தொட்டியில் ஒரு முழுப் பாய்க்குக் கோரை தேறாது. ஒரு ஆசனத் தடுக்குக்குச் சரியாக இருந்தது.

அறுத்த பத்தாம் நாள் அடியிலிருந்து புதுக் குருத்து வரும். அப்போது ஒரு கைப்பிடி மக்கிய தொழுவுரம் போட்டு, அடி வால்வை ஒரு முறை திறந்து அலசிவிட்டு, மூடிவிடுங்கள். அடுத்த அறுப்பு ஆறு மாதத்தில்.